அலை இல்லாத தண்ணி

அன்பு மகளுக்கு,

ஒரே வீட்டில இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுற அப்பன் இந்தத் திருகோணமலையில நான் ஒருத்தனாத்தான் இருப்பன். நீ இப்ப குசினிக்குள்ள அம்மாவோட சேர்ந்து மிளகாய் வறுத்துத் தும்முற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது. எழும்பி வந்தால் பத்து அடிதான். வந்து நேர சொல்லிப்போட்டுப் போகலாம். மூண்டு தரம் வந்தனான் பிள்ளை. ஒருக்கா தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத் திரும்பினன். ஒருக்கா பேப்பர் எங்க எண்டு கேட்டன். மூண்டாம் தரம் அம்மா என்னைப் பாத்து, என்ன குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்துறியள், சூட்கேசுக்குள்ள உங்களையும் வைச்சு மூடச் சொல்லுறியளோ எண்டு கேட்டாள். நீயும் சிரிச்சாய். நானும் சிரிச்சுப்போட்டு வந்து இந்தக் கதிரையில இருந்திட்டன். கடிதத் தமிழ் எனக்கு வராது. கதைக்கிற மாதிரியே எழுதுறன், பொறுத்துக்கொள்.

விசயம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கினது. பூசை முடிஞ்சு வந்து, மருமகன் நைஜீரியாவில இருந்து போட்ட கடிதத்தை நீ மேசையில வைச்சு எல்லாருக்கும் வாசிச்சாய். பள்ளிக்கூடத்தில அவருக்குத் தந்த வீட்டுக்குப் பின்னால பெரிய நீர்த்தேக்கமாம். முதலை இல்லையாம். ஊர்ப் பிள்ளையள் விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுக்குள்ளதானாம். "அலையே இல்லையாம் அப்பா, ஜெனியை அதில விட்டிட்டு நான் நிம்மதியாச் சமைக்கலாம்" எண்டு என்ர பேத்தியை மடியில வைச்சுக்கொண்டு நீ சொன்னாய். அம்மா உடனே அந்தோனியாருக்கு நன்றி சொன்னாள். நான் தேத்தண்ணியை அப்படியே வைச்சிட்டு எழும்பினன். ஏன் குடிக்கேல்லை எண்டு கேட்டாய். சீனி கூடிப்போச்சு எண்டு சொன்னன். அது பொய். சீனி அளவாத்தான் இருந்தது.

நாங்கள் துறைமுகத்து ஆக்கள். எங்களுக்குத் தண்ணி எண்டால் அலையைப் பாத்துத்தான் பயம். கடல் கொந்தளிச்சால் பிள்ளையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இருத்துவம். அசையாத தண்ணியைக் கண்டால், அது குளமோ குட்டையோ, ஒண்டும் யோசியாமல் இறக்கி விட்டிடுவம். வயல் ஊர்களில பிறந்த ஆக்கள் அப்படி இல்லை. அவைக்குத் தெரியும், சும்மா கிடக்கிற தண்ணியைத்தான் முதலில சந்தேகப்பட வேணுமெண்டு. இதை நான் படிச்சது உன்ர காலில, மகள். அதைத்தான் சொல்ல வந்தனான். வாய் வரேல்லை.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைத் தந்திட்டுப் போன வருசம் எனக்கு டொக்யார்ட் வேலையும் போச்சு. ஸ்டோரில வடமும் சங்கிலியும் எண்ணிக் குடுத்தவன் நான். நீ அப்ப அஞ்சு வயசுப் பிள்ளை. பத்து மாசம் வீட்டில இருந்தன். கோபம் எல்லாம் மூக்கு நுனியில நிண்ட காலம் அது. பிறகு ஆரோ சொல்லி, மாட்டு டொக்டரின்ர கந்தோரில உதவியாள் வேலை கிடைச்சது. அரசாங்க உத்தியோகம் எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லிப்போட்டாள். என்ன உத்தியோகமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்ல ஏலாது. ஏனெண்டால் வேலை நத்தை பொறுக்கிறது.

ஓம், நத்தைதான். அந்த நாளையில வயல் பக்கத்து மாடுகளுக்கு ஒரு குறட்டை வருத்தம். மூக்குக்குள்ள சதை வளர்ந்து அடைச்சு, மாடு மூச்சு விடேக்க பத்து வீட்டுக்குக் கேக்கும். எங்கட டொக்டர் ஐயா அதுக்குப் பின்னால பைத்தியமா அலைஞ்ச மனிசன். யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், தனிக்கட்டை, பேச்சும் குறைவு. வேலைக்குப் போன முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இருத்தி, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி ஆறுதலாச் சொன்னார். ரத்தக் குழாய்க்குள்ள இருக்கிற ஒரு புழுதான் காரணமாம். வருத்தக்கார மாடு தண்ணி குடிக்கக் குனியேக்க சளியோட முட்டையும் தண்ணியில விழுமாம். முட்டையில இருந்து வாற குஞ்சு நேர மாட்டுக்குப் போக ஏலாதாம். முதலில ஒரு நத்தையைத் தேடிப் பிடிச்சு அதுக்குள்ள குடியிருக்க வேணுமாம். அங்க ஒண்டு நூறாப் பெருகி, வெயில் ஏறேக்க திரும்பவும் தண்ணிக்குள்ள இறங்கி, அதில நிக்கிற மாட்டின்ர தோலுக்குள்ளால உள்ள போகுமாம். அப்ப நத்தை இல்லாட்டில் வருத்தமும் இல்லை எண்டன். என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்தார். நாளைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா எண்டார். வேலை போன நாள் தொட்டு என்னை ஒரு மனிசனா மதிச்சு ஒரு விசயத்தை விளங்கப்படுத்தின முதல் ஆள் அவர். இண்டைக்கும் அவரை நினைச்சால் கை எடுத்துக் கும்பிடத்தான் தோணும்.

வேலை இதுதான். குளத்தில, வாய்க்காலில, வயல் வரம்போரத்தில அந்தச் சப்பட்டை நத்தையளைப் பொறுக்கிறது. டொக்யார்டில வடத்தைச் சுருட்டி நிலத்தில வைச்ச மாதிரி இருக்கும், அளவு மட்டும் ஒரு சட்டைப் பொத்தான். ஜாம் போத்தலில நல்ல தண்ணி விட்டு, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு நத்தையாப் போட்டு, வெயிலில வைச்சிட்டுக் காத்திருக்க வேணும். பழுது இல்லாத நத்தை எண்டால் தண்ணி தெளிவாவே கிடக்கும். பழுது எண்டால் கொஞ்ச நேரத்தில தூசி மாதிரி ஏதோ துடிக்கும். பூதக்கண்ணாடியை வைச்சுப் பாத்தால் வாலும் தெரியும், வால் நுனி ரெண்டாப் பிளந்திருக்கிறதும் தெரியும். எங்கட ஒழுங்கையில எனக்கு "நத்தை மாஸ்டர்" எண்டு பேர் வைச்சாங்கள். உன்னையும் பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணினவையாம். நீ எனக்குச் சொல்லேல்லை. அம்மாதான் கனகாலத்துக்குப் பிறகு சொன்னாள்.

இனி நான் தடக்குப்படுற இடம்.

உன்ர தம்பி பிறக்கப் போற நேரம் அம்மாவை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். பள்ளிக்கூடமும் லீவு. உனக்கு ஏழு வயசு. உன்னை ஆரிட்ட விடுறது? எனக்குக் கிண்ணியாவுக்கு அங்கால வயல் பக்கம் நாலு நாள் வேலை. மீராசா காக்கா எண்டு ஊரே அண்ணன் முறையில கூப்பிடுற, கனக்க வயல் உள்ள ஒரு போடியார், அவற்ற வயலில நெல்லுச் சூடு மிதிக்கிற காலம், அவற்ற சிவலை எருது குறட்டை விடுது எண்டு கந்தோருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க, எங்கட மகளோட விளையாடட்டும் எண்டு அவரே சொன்னவர். ரெண்டு பேரும் பாதைப் படகில ஏறி அக்கரைக்குப் போனம். போத்தல் பெட்டியை நீ மடியில வைச்சுக்கொண்டு, ஒண்டும் உடையவிடாமல் வந்தாய். அது எனக்கு நல்லா நினைவிருக்கு.

காக்காவின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு சின்னக் குளம். தாமரை இலை, தெளிஞ்ச தண்ணி, ஒரு சலனம் இல்லை. அவற்ற மகள் நஜீமா கரையில நிண்டு உன்னைக் கூப்பிட்டவள், இறங்காத எண்டுதான் கூப்பிட்டவள் எண்டு பிறகு எனக்கு விளங்கிச்சுது. நான் பாத்தன், அலை இல்லை, ஆழமும் இல்லை. போய்க் கால் நனைச்சு விளையாடு பிள்ளை, அப்பாவுக்கு வேலை கிடக்கு எண்டு நானே அனுப்பினன். கொஞ்ச நேரத்தால ஓடி வந்தாய். "அப்பா, தண்ணி கடிக்குது" எண்டாய்.

நான் நம்பேல்லை. அம்மாவைத் தேடி வீட்டை போக நிக்குது, அதுக்கு ஒரு சாட்டு எண்டு நினைச்சன். தண்ணிக்கு என்ன பல்லோ எண்டு கேட்டன். நீ அழத் தொடங்கினாய். காக்காவின்ர ஆக்கள் ரெண்டு பேர் பாத்துக்கொண்டு நிக்கினம், எனக்கு வெக்கம், வெக்கத்தோட கோபம். உன்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், பொய் சொன்னதுக்கு இதில முழங்கால் அளவு தண்ணியில நில், நான் கூப்பிடுமட்டும் ஏறக்கூடாது எண்டு அந்தக் குளத்துக்குள்ள திரும்பவும் இறக்கி விட்டனான். வெயில் உச்சியில நிண்ட நேரம். நீ ஏறேல்லை. நான் சொன்னபடி நிண்டாய். எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியாது. நான் போத்தலுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது காக்காவின்ர மனிசி, சுபைதா உம்மா. உள்ளுக்குக் கொண்டுபோய்த் துடைச்சு, வேப்பிலை அரைச்சுப் பூசி, தன்ர மகளின்ர பாயில படுக்க வைச்சா. விடிய உன்ர காலைப் பாத்தன். முழங்காலுக்குக் கீழ ஒரு இடம் மிச்சமில்லை. சிவப்புச் சிவப்பாத் தடிச்சு, சில இடத்தில நீர் கட்டி, நீ நித்திரையிலயும் சொறிஞ்சுகொண்டு கிடந்தாய். அப்பதான் உம்மா எனக்குச் சொன்னா:

"புள்ள பொய் சொல்லல்ல, தம்பி. வயலுக்க இறங்கிற எங்கட காலுக்கெல்லாம் இது வாறதுதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

மகள், அந்த நேரம் நான் என்ன செய்திருக்க வேணும்? உனக்குப் பக்கத்தில இருந்திருக்க வேணும். மன்னிப்புக் கேட்டிருக்க வேணும். நான் செய்தது என்ன தெரியுமோ? காலைப் பாத்த உடன என்ர மண்டைக்குள்ள ஒரு வெளிச்சம். இந்தக் குளம்தான், இந்தக் குளத்து நத்தைதான் எண்டு போத்தலையும் தூக்கிக்கொண்டு ஓடினன். பொறுக்கிக்கொண்டு வந்து வெயிலில வைச்சன். ஏழாம் போத்தலில தண்ணி துடிச்சது. வால் பிளந்த புழு, புத்தகத்தில கீறினது மாதிரி. எனக்கு ஒரே சந்தோசம். டொக்யார்டில இருந்து துரத்தின ஒருத்தன், ஐயா இவ்வளவு நாள் தேடினதைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு நினைப்பு.

அந்த வெறியில செய்த அடுத்த வேலையைக் கேள். களத்தில சூடு மிதிபடுது. நடுவில நெற்கதிர், அதில மாடுகள் சுத்துது, ஆக்கள் "பொலி பொலி" எண்டு கூப்பிட்டுக்கொண்டு நிக்கினம். களத்துக்குள்ள செருப்போட போறதில்லை, நோய் சாவு எண்ட கதையே அங்க எடுக்கிறதில்லை. நெல்லு பொலியிற இடத்தில ஆகாத சொல்லு விழக்கூடாது எண்டு அவை அப்படிக் காத்த இடம். நான் சப்பாத்துக் காலோட கதிருக்கு மேல ஏறிப் போய், போத்தலைத் தூக்கிப் பிடிச்சு, இந்த மாட்டுக்குப் புழு வருத்தம், உங்கட குளம் முழுக்க நோய் எண்டு கத்தினன். கூப்பிட்டுக்கொண்டு நிண்ட வாயெல்லாம் நிண்டுபோச்சு. ஒரு பொடியன் தடியை ஓங்கிக்கொண்டு வந்தான். காக்கா அவனைக் கையால மறிச்சார். சிவலையை அவிட்டுக் களத்துக்கு வெளியில கொண்டுபோய்க் கட்டினார். வேலையை நிப்பாட்டி, கால் பட்ட கதிரை எல்லாம் வாரி ஒதுக்கி, பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதுவிச்சு, அடுத்த நாள்தான் திரும்பத் தொடங்கினவை. ஒரு நாள் வேலை என்னால கெட்டது.

நான் பெட்டியைக் கட்டிப்போட்டன். இனி இந்த ஊருக்குள்ள முகம் காட்ட ஏலாது எண்டு நினைச்சன். பின்னேரம் காக்கா வந்து எனக்கு முன்னால குந்தினார். ஏசப் போறார் எண்டு பாத்தால், அந்தப் போத்தலைக் காட்டச் சொன்னார். பூதக்கண்ணாடியால கனநேரம் பாத்தார். "களத்துக்கு வெளியில நிண்டு கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பனே, தம்பி" எண்டார். அவ்வளவுதான். பிறகு என்ன செய்ய வேணுமெண்டு கேட்டார். நான் சொன்னது எல்லாத்தையும் செய்தார். வருத்தக்கார மாட்டுக்குத் தனித் தொட்டி கட்டினார், குளத்துக்கு வேலி போட்டார், நத்தையைத் தின்னட்டும் எண்டு தாரா வாத்து வாங்கி விட்டார், டொக்டர் ஐயா பிறகு வந்து சிவலைக்கு ஊசி போடேக்க ஆளை வைச்சுப் பிடிச்சுத் தந்தார். சிவலை பிறகும் பல போகம் சூடு மிதிச்சது. நாங்கள் திரும்பி வரேக்க சுபைதா உம்மா உன்ர காலைத் துணியால சுத்தி, என்ர கையில ஒரு போத்தல் மாட்டு நெய்யும் தந்து அனுப்பினா. அந்த வீட்டுச் சோத்துக்கும் அந்த வீட்டுப் பொறுமைக்கும் நான் செத்தாலும் கடமைப்பட்டவன். உன்ர கலியாணத்துக்கு அவை முன் வரிசையில இருந்தது ஏனெண்டு நீ கேட்டாய். இதுதான் காரணம்.

கந்தோருக்கு வந்து ஐயாவுக்குக் காட்டினன். மனிசன் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டன். எத்தினையோ குளம் கிடக்க, இந்தக் குளத்தைப் பார்க்க வேணுமெண்டு உனக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேட்டார். என்ர மகள்தான் சொன்னவள் ஐயா, நான் நம்பாமல் அவளைத் திரும்ப இறக்கி விட்டனான் எண்டு சொல்லியிருக்க வேணும். "அனுபவம்தான் ஐயா" எண்டு சொன்னன். அதை அப்படியே அறிக்கையில எழுதினார். அந்த ஒரு சொல்லால எனக்கு நிரந்தர வேலை வந்தது, உன்னைப் படிப்பிச்சன், தம்பியைப் படிப்பிச்சன், இந்த வீட்டுக்கு ஓடு போட்டன். எல்லாம் உன்ர காலில இருந்து வந்தது பிள்ளை. இருபது வருசத்துக்கு மேலயா நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கண்டுபிடிச்சது நீ. பேர் எடுத்தது நான்.

பிள்ளை தெரியாமல் குளத்தில இறங்கிக் கால் தடிச்சுப்போச்சு எண்டு மட்டும் ஐயாவிட்டச் சொன்னன். மாட்டுப் புழுதான், ஆளைத் தெரியாமல் மனிசரின்ர தோலுக்குள்ள பூந்து அங்கயே செத்துப்போகுது, அந்தச் சாவுதான் அந்தக் கடி, பயப்பிடாதை எண்டார். பிறகு சொன்னதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை நினைச்சனான். ஆப்பிரிக்காவில இதுக்குச் சொந்தக்காரப் புழு இருக்காம், அதுக்கும் நத்தைதான் வீடாம். ஆனால் அது மனிசரைத்தான் தேடி வருமாம். தோலுக்குள்ள சாகாமல் ரத்தத்துக்குள்ள போய், வருசக்கணக்கா இருந்து குடித்தனம் நடத்துமாம். பிள்ளையளுக்கு மூத்திரத்தில ரத்தம் போகுமாம். எல்லாப் பிள்ளையளுக்கும் போறதால சில ஊரில தாய்மார் அதை வருத்தமெண்டே நினைக்கிறதில்லையாம். எங்கட நல்லகாலம், அது இஞ்ச இல்லை எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சார். அந்த நல்லகாலத்தை விட்டிட்டு நீ என்ர பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாற கிழமை பிளேன் ஏறுறாய்.

போகாதை எண்டு சொல்லேல்லை. மருமகன் நல்ல பிள்ளை, நல்ல உத்தியோகம், குடும்பம் ஒண்டா இருக்க வேணும். அந்த நீர்த்தேக்கத்துக்குள்ள மட்டும் ஜெனியின்ர கால் படக் கூடாது. இது ஒண்டுதான் நான் உன்னட்டக் கேக்கிறது. பழுது இருக்கோ இல்லையோ எண்டு கரையில நிண்டு பாத்துச் சொல்ல ஏலாது, தெளிஞ்ச தண்ணி எண்டு நம்பாதை. கிணத்துத் தண்ணி கிடைச்சால் அதில பிள்ளையைக் குளிக்க வார். குளத்துத் தண்ணிதான் கதி எண்டால் அள்ளி மூடி ரெண்டு நாள் வைச்சிரு, நத்தையை விட்டு வந்த புழு அதுக்கு மேல தாங்காது. குடிக்கிறதைக் கொதிக்க வை. தப்பித் தவறி நனைஞ்சால் உடன துவாயால அழுத்தித் துடை. மூத்திரத்தில நிறம் கண்டால் வெக்கப்படாமல் அண்டைக்கே வைத்தியரிட்டப் போ, மருந்து இருக்கு. மருமகனுக்கும் இதை வாசிச்சுக் காட்டு. பெடியன் கணக்கு வாத்தியார், நத்தையைப் பற்றி என்ன தெரியும்.

இன்னொண்டு. அந்த ஊர்த் தாய்மாருக்கும் இதைச் சொல்ல உனக்கு மனம் வரும், உன்னை எனக்குத் தெரியும். சொல்லு. ஆனால் அப்பன் மாதிரிச் சப்பாத்தோட களத்துக்குள்ள ஏறிச் சொல்லாதை. முதலில அவையின்ர வீட்டில ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடி, அவைக்கு என்ன தெரியும் எண்டு கேள். சுபைதா உம்மாவுக்கு எனக்கு முன்னமே எல்லாம் தெரிஞ்சிருந்தது, நான்தான் கேக்கேல்லை.

உனக்கு அண்டைக்கு நடந்தது நினைவிருக்கோ தெரியாது. நீ ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைச்சதில்லை. மறந்திட்டாய் எண்டு சில நேரம் நினைப்பன். பொறுத்திட்டாய் எண்டு சில நேரம் நினைப்பன். எதுவா இருந்தாலும், இவ்வளவு காலமும் என்னை அப்பா எண்டு அதே குரலில கூப்பிட்டாயே, அதுக்கு நன்றி மகள். இதைச் சொல்லாமல் உன்னைப் பிளேன் ஏத்தி விட எனக்கு ஏலாது.

நேற்றுப் பின்னேரம் கிணத்தடியில ஜெனியைக் குளிப்பாட்டினன். தொட்டிக்குள்ள நிண்டவள் திடீரெண்டு, "அம்மப்பா, தண்ணி கடிக்குது" எண்டாள். வாளியைப் போட்டிட்டு ஒரே தூக்கில அவளைத் தூக்கி எடுத்துத் தோளில போட்டன். என்ர சட்டை, சாரம் எல்லாம் நனைஞ்சுபோச்சு. பிறகு காலைப் பிடிச்சுப் பாத்தால் விரல் இடுக்கில ஒரு சிவத்த எறும்பு. அம்மா பாத்திட்டு, ஒரு எறும்புக்கு இந்தக் கிழவன் என்ன பாய்ச்சல் பாயுது எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். நீயும் யன்னலுக்கால பாத்துச் சிரிச்சாய்.

எறும்புதான். எண்டாலும் நான் இந்தமுறை தூக்கி எடுத்திட்டன், பிள்ளை.

அன்புள்ள,
அப்பா